மூணாந்தண்ணிக்கு முன்னால்

இண்டூர்ப் பக்கம் வீரமணிக்குக் கோபக்காரன் என்று ஒரு பேர் உண்டு. மெடிக்கல் கடை வாசலில் நின்று ஊரான் வீட்டுப் பிள்ளைக்காகச் சண்டை போடுகிறவன் என்று இன்னொரு பேரும் உண்டு. இரண்டுமே உண்மைதான். போன ஆடி மாதம்கூட ஒரு தகராறு நடந்தது. மூன்று வயதுப் பையனுக்குக் காய்ச்சல், ஒரு செட்டு மாத்திரை கொடுங்கள் என்று ஒரு பெண் கேட்க, கடைக்காரர் பெரியவர்கள் போடும் மாத்திரைகளைக் கத்தரிக்கோலால் பாதி பாதியாக வெட்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைவலித் தைலம் வாங்க வந்த வீரமணி பார்த்துவிட்டான்.

"ஏங்க, பையன் எத்தினி கிலோ இருப்பான்னு கேட்டீங்களா?"

"உனக்கு எதுக்குப்பா? நீ என்ன டாக்டரா?"

"நான் டாக்டர் இல்லீங்க. நீங்களும் இல்லீங்களே. அதத்தான் சொல்றேன்."

கடைக்காரர் கையை ஓங்க, அந்தப் பெண் மாத்திரையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். அன்றிலிருந்து அந்தக் கடையில் வீரமணிக்குத் தைலம்கூடக் கொடுப்பதில்லை.

எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பனிடமும் இதே கதைதான். கிருஷ்ணப்பனின் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்தில் கொடுத்த உப்புச்சர்க்கரைப் பாக்கெட் முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ் மாமா, புள்ளைய ஊறுகா போடறியா? பாக்கெட்டுல என்ன எழுதியிருக்கு? ஒரு லிட்டரு. தண்ணி பாட்டில் இருக்குதில்ல, ஒரு லிட்டர் பாட்டில், அதுல கலக்கு."

"ஒரு லிட்டர இந்தப் பொடியன் எப்படிடா குடிப்பான்?"

"ஒரே மடக்குல குடிக்கச் சொன்னனா? ஸ்பூன் ஸ்பூனா குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுட்டு மறுபடி குடு. மூத்திரம் போறானான்னு பாத்துக்கிட்டே இரு. கண்ணு உள்ள போயி, புள்ள தொவண்டு கெடந்தா என்னைக் கேக்காத, ஆரையும் கேக்காத, வண்டிய எடு."

"வந்துட்டாரு எம்பிபிஎஸ்ஸு" என்றார் கிருஷ்ணப்பன். ஆனால் பாட்டிலை எடுத்துக் கழுவினார்.

வீரமணி பத்தாவதில் கணக்கில் தோற்றவன். ஒன்றரை ஏக்கர் நிலம். பாதியில் மரவள்ளி, பாதியில் சாமந்தி. மனைவி வெண்மதி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், விடுதியில் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போவாள். அதனால் மகள் தன்ஷிகாவைப் பால்குடி மறந்ததிலிருந்து வளர்ப்பது அவன்தான். பிள்ளையின் முதல் காய்ச்சலுக்கு அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிராம நர்ஸ் லூர்துமேரி அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். எடைக்குத் தக்க சிரப் எத்தனை மில்லி, கம்பளியைப் போட்டு ஏன் போர்த்தக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக முக்கியமான ஒன்றைச் சொன்னார்.

"சளி புடிச்சா பயப்படாதீங்க. சட்டையத் தூக்கிட்டு வயித்தப் பாருங்க. ஏறி எறங்கினா ஒண்ணு. போன்ல ஒரு நிமிசம் வச்சு, புள்ள அழாம இருக்கறப்போ எண்ணுங்க. ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் நாப்பதுதான் கோடு. அதத் தொட்டாலே ஆசுபத்திரி. விலாவுக்குக் கீழ குழி விழுந்தா எண்ணவே வேணாம், ஓடுங்க."

அன்றிலிருந்து வீரமணி எண்ணுகிறவன் ஆனான். தன் பிள்ளையை எண்ணினான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எண்ணினான், ஒருமுறை கன்றுக்குட்டியைக்கூட எண்ணினான். ஊர் சிரித்தது. அவன் கத்தினான். கத்தலுக்குப் பயந்து நாலு பேராவது நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இவ்வளவு கத்துகிறவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். எந்த வீட்டு வாசலிலாவது வேப்பிலை செருகியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடுவான். அம்மை என்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காரணம் அவன் அக்கா தீர்த்தம்மாள். அவள் மகன் அறிவழகன்.

வீரமணியின் அம்மா அவனுக்கு எட்டு வயதாகும்போது போய்விட்டாள். பத்து வயது மூத்த அக்காதான் சோறாக்கிப் போட்டு வளர்த்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போக, கைக்குழந்தையோடு திரும்பி வந்து தம்பி வீட்டோடு ஒட்டி ஒரு அறை கட்டிக்கொண்டாள். அந்தக் கைக்குழந்தைதான் அறிவழகன். ஆறு வயதில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு அம்மை கண்டது.

அம்மை கண்ட வீட்டில் தாளிப்பது கிடையாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது. முதல் தண்ணி, இரண்டாந்தண்ணி, மூணாந்தண்ணி என்று வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று முறை தலைக்கு ஊற்றி அம்மனை இறக்கி அனுப்புகிற வரைக்கும் நோயாளி வாசற்படி தாண்டக் கூடாது. மருந்து, ஊசி எதுவும் ஆகாது. அறிவழகனுக்கு மூன்றாம் நாளே மூச்சு வாங்கத் தொடங்கி, ஐந்தாம் நாள் முட்டியது. ஊர் முழுக்க வேண்டாம் என்றது. இருபத்து நாலு வயது வீரமணி பையனை வாரித் தூக்கிப் பைக்கில் வைத்து, படி தாண்டி, தருமபுரிக்கு ஓட்டினான். பாதி வழியிலேயே பையன் தோளில் தலை சாய்த்துவிட்டான்.

தீர்த்தம்மாள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "நீ படி தாண்டலன்னா அவன் இருந்திருப்பான்." அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் அவனுக்குச் சோறு போட்டாள். தட்டை வைக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள், அவ்வளவுதான். வீரமணியும் குனிந்தபடியே தின்று பழகிவிட்டான். ஊரில் உள்ளவர்களிடம் எல்லாம் அவன் கத்தியது, அந்தத் தட்டுக்கு முன்னால் கத்த முடியாமல் போனதைத்தான்.

பங்குனி பிறந்ததும் நாலு வயது தன்ஷிகாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமல், மூக்கொழுகல், கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. வீரமணி தன் வழக்கப்படி சிரப்பை அளந்து கொடுத்தான், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தான், மூச்சை எண்ணினான். முப்பத்திரண்டு. பரவாயில்லை. நாலாம் நாள் காலை காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிப்பொரியாகக் கிளம்பி, மத்தியானத்துக்குள் முகமெல்லாம் பரவியது.

தீர்த்தம்மாள் எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மணலு வாரிப் போட்டிருக்கா ஆத்தா."

மணல்வாரி அம்மை. அதற்கான தடுப்பூசி உண்டு என்று வீரமணிக்குத் தெரியும். முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவது ஊசிக்கு லூர்துமேரி சொன்ன புதன்கிழமை சாமந்திப் பறிப்பு. ஆயுதபூஜை நெருக்கம். அடுத்த புதன் போகலாம் என்று விட்டான். எத்தனையோ அடுத்த புதன்கள் போய்விட்டன. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் சொந்தப் பிள்ளையை மறந்தான். அதை நினைத்து மாட்டுக்கொட்டாய்ச் சுவரில் கையால் ஒரு குத்து விட்டான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயந்திரமே வாசலில் வேப்பிலை ஏறியது. சிரப் பாட்டிலை அக்கா எடுத்துக்கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டாள். வெண்மதிக்கு அவளே போன் போட்டு, "தண்ணி ஊத்தி முடியற வரைக்கும் நீ வரக்கூடாது, வெளிய இருந்து வர்றவ உள்ள வந்தா ஆவாது" என்று சொல்லிவிட்டாள். வீரமணி வீடியோவில் பிள்ளையைக் காட்டப்போனபோதும் விடவில்லை. "வெளியாளு கண்ணு போனு வழியா வந்தா மட்டும் கண்ணு இல்லியா?" என்று கேட்டாள்.

வீரமணி எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. லூர்துமேரிக்கும் சொல்லவில்லை. பிள்ளையை வேப்பிலை மேல் படுக்கவைத்து, தீர்த்தம்மாள் அதனிடம் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை உடம்பில் இருப்பது அம்மன் அல்லவா, அதனால் மரியாதையாகத்தான் பேசவேண்டும்.

"எளநி குடிக்கறீங்களா தாயி? எறக்கம் வையுங்க தாயி. சின்ன ஒடம்பு, தாங்காது."

தன்ஷிகா மிரள மிரள விழித்தாள். நேற்றுவரை 'ஏய் குரங்கு' என்று துரத்திய அத்தை இன்று 'வாங்க போங்க' என்று பேசுவது அவளுக்குக் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது.

முதல் தண்ணி ஊற்றியாயிற்று. இரண்டாந்தண்ணி வெள்ளிக்கிழமை, மூணாந்தண்ணி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், வெண்மதி இடைவேளையில் கூப்பிட்டாள்.

"பாப்பா எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குது. தூங்குது."

"பக்கத்துல ஆரு என்னா அறுக்கறாங்க? ரம்பம் இழுக்கற மாதிரி சத்தம் வருது."

வீரமணி திரும்பிப் பார்த்தான். யாரும் எதையும் அறுக்கவில்லை. சத்தம் வேப்பிலைப் படுக்கையிலிருந்து வந்தது. அப்புறம் வெண்மதி மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"ஊருல இருக்கற புள்ளைங்கள எல்லாம் எண்ணுவியே. எம்புள்ளைய எண்ணுனியா?"

அவன் எண்ணவில்லை. மூன்று நாளாக எண்ணவில்லை. எண்ணினால் தெரிந்துவிடும், தெரிந்தால் அந்தப் படியைத் தாண்டவேண்டி வரும். அவள் அப்படிக் கேட்டபோதுதான் அது அவனுக்கே புரிந்தது.

பாவாடைச் சட்டையைத் தூக்கினான். போனில் நிமிஷத்தை ஓடவிட்டான். வயிறு ஏறி இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. ஐம்பத்தெட்டு. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினான். அறுபது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்தது. வாயருகே வைத்த இளநீர் கன்னத்தோடு வழிந்து காதுக்குள் போனது. பிள்ளைக்கு விழுங்கக்கூடத் தெம்பில்லை.

முதலில் நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்கு அடித்தான். அப்புறம் லூர்துமேரிக்கு.

"அறுபதா! எப்போலேர்ந்து?"

"தெரியலீங்க. மூணு நாளா அம்ம..."

"மூணு நாளா எனக்குச் சொல்லலியா? ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துவீங்களே, உங்க வூட்டுல மட்டும் வாய்க்குப் பூட்டா?" லூர்துமேரி அவனுக்கு மேல் கத்தினார். "படுக்க வைக்காதீங்க. நிமித்தித் தோள்ல சாச்சு ஒக்காருங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க, பொறையேறும். நான் பெரிய ஆசுபத்திரிக்குச் சொல்லி வைக்கறேன்."

பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கியபோது தீர்த்தம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள். அவன் வருவதைப் பார்த்ததும் நின்றவள் அப்படியே படியில் குறுக்காக உட்கார்ந்தாள்.

"எங்கடா?"

"ஆசுபத்திரிக்கு."

"ஞாயித்துக்கெழம மூணாந்தண்ணி. அதுக்கப்பறம் எங்க வேணா போ."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காதுக்கா. மூச்சப் பாரு."

"அம்மா வெளையாடறா. அப்படித்தான் எறைக்கும். எறங்கறப்போ எறைக்கும்." பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயி, இவன் புத்தி கெட்டவன். மனசுல வச்சுக்காதீங்க."

வீரமணிக்குள் பன்னிரண்டு வருஷமாகக் குனிந்திருந்தது நிமிர்ந்துகொண்டது.

"அது தாயி இல்லக்கா! தன்ஷிகா! நாலு வயசு. போன வாரம் பாயில ஒண்ணுக்குப் போயிட்டு எம்மேல பழி போட்டா. அவகிட்ட எதுக்கு மன்னிப்பு? அவளுக்கு மூச்சு வேணும்!"

"கத்தாத. அம்மா இருக்கற வூட்டுல கத்தாத."

"கத்துவேன்."

"போன தடவ படி தாண்டுனியே. என்னா ஆச்சு?"

எதிர்வீட்டு வாசலில் வந்து நின்ற கிருஷ்ணப்பன் இதைக் கேட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"அஞ்சு நாளு கழிச்சுத் தாண்டினேன். அதான் ஆச்சு" என்றான் வீரமணி. "மொத நாளே தாண்டியிருந்தா அறிவு இப்ப காலேஜு போயிக்கிட்டிருப்பான். எந்திரிக்கா."

"எந்திரிக்கமாட்டேன். வேணும்னா என்னத் தாண்டிட்டுப் போ."

உட்கார்ந்திருக்கிற அக்காவைக் காலால் தாண்டுவதா? தன்னை வளர்த்தவளை? அதை அவன் செய்யமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் அவனுக்கு ஆத்திரத்தை மூட்டியது. தெருமுனையில் நூற்றெட்டின் சத்தம் கேட்டது. தோளில் பிள்ளையின் மூச்சு முனகலாக மாறியிருந்தது.

வீரமணி திரும்பினான். அடுப்படி வழியாக நுழைந்து, கொல்லைக் கதவை உதைத்துத் திறந்து, மாட்டுக்கொட்டாய் வழியாக வெளியே ஓடினான். கொட்டாயின் பரண் ஓரத்தில், வைக்கோலுக்குப் பக்கத்தில், சிரப் பாட்டில் இருந்தது. மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற மூங்கில் குழாயோடு அதையும் சேர்த்து வைத்திருந்தாள். ஓடுகிற ஓட்டத்திலும் அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அக்காவைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது.

வண்டியில் இருந்தவர் பிள்ளையின் மூக்கில் ஆக்சிஜனை வைத்தார். நல்லம்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போன யாரோ, கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருந்த யாரோ சாலையோரம் நின்று பார்த்தார்கள். வீரமணி யாரையும் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டே போனான்.

தருமபுரி பெரியாசுபத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். ஊசி ஏறியது, சொட்டுநீர் ஏறியது, வைட்டமின் ஏ மருந்து வாயில் போனது. எல்லாம் முடிந்ததும் அவர் வீரமணி பக்கம் திரும்பினார்.

"எப்போலேர்ந்து இப்படி மூச்சு வாங்குது?"

"நேத்து... முந்தாநாளுகூட இருக்கலாங்க."

"நேத்தே ஏன் வரல?"

"அம்மைக்கு மருந்து குடுக்கக்கூடாதுன்னு..."

"அம்மைக்கு மருந்து இல்லைங்கறது சரிதான். அம்மையால வர்ற நிமோனியாவுக்கு இருக்குதே! நாளைக்கு வந்திருந்தீங்கன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

கடைக்காரரோடும் கிருஷ்ணப்பனோடும் வாய் ஓயாதவன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கத்தியது போதாது என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

மதியத்துக்குள் ஓசூரிலிருந்து வெண்மதி வந்து சேர்ந்தாள். அவனோடு பேசவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் சாயந்திரம் தன்ஷிகா கண்ணைத் திறந்து, "அத்தை எங்கூட வாங்க போங்கன்னு பேசுது" என்று புகார் சொன்னாள். அப்போதுதான் வெண்மதி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூணாந்தண்ணி ஊற்றவேண்டிய நாள். பத்து மணி வாக்கில் வெண்மதி துணி அலசப் போயிருந்தாள். தீர்த்தம்மாள் தூக்குப்போசியில் ரசஞ்சோறும் இரண்டு இளநீரும் எடுத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றவளை நர்ஸ், "முகத்துக்குத் துணி கட்டிக்கிட்டுப் போங்கம்மா" என்று அனுப்பினாள்.

கட்டிலருகே வந்தவள் பிள்ளையைப் பார்த்தாள். ஆக்சிஜனை எடுத்துவிட்டிருந்தார்கள். பொரியெல்லாம் கறுத்து உதிரத் தொடங்கியிருந்தது.

"கெழவன் கிருஷ்ணப்பங்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள், தம்பியைப் பார்க்காமல். "ஊருல ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ வாசப்படியத் தாண்டலியே. மாட்டுக்கொட்டாய் வழியாத்தான போன? அம்மா கோவிச்சுக்கமாட்டா."

அவள் சமாதானத்துக்குத்தான் வந்திருந்தாள். அவளால் தரமுடிந்த சமாதானம் அதுதான். தலையை ஆட்டியிருந்தால் போதும். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அவள் போடும் சோற்றைத் தின்னலாம். ஆனால் வீரமணி அந்தப் பேச்சின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டான்.

"அப்ப படிதான் காரணமா?" என்றான். குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "கொல்லப் பக்கம் போனதால இது பொழச்சுது, வாசப் பக்கம் போனதால அறிவு செத்தான். அப்படித்தான? அப்ப நான்தான் கொன்னேன். அதத்தான சொல்ற?"

"நான் அப்படிச் சொல்லலடா."

"பன்னெண்டு வருசமா அதத்தான் சொல்ற. வாயத் தொறக்காமயே சொல்ற. தட்டு வைக்கறப்போ எல்லாம் சொல்ற! நான் அத நம்புனதாலதான் இந்தப் புள்ளைய மூணு நாளு பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்!"

தீர்த்தம்மாள் தூக்குப்போசியைத் தரையில் வைத்தாள். அவள் கண் பிள்ளையின் வயிற்றின் மேல் இருந்தது.

"அது எப்படிடா எண்ணுவ?"

அவன் மூச்சை இழுத்துவிட்டான். கோபம் போகவில்லை. ஆனாலும் சட்டையைத் தூக்கிக் காட்டினான். "ஏறி எறங்கினா ஒண்ணு." போனை எடுத்து நிமிஷத்தை ஓடவிட்டான். அவள் விரலை மடக்கி மடக்கி, உதடு அசைய எண்ணினாள். பூக்கடைக்கு மாலை கட்டுகிறவள், எண்ணிக்கை தப்பாது.

"இருபத்தெட்டு."

"நாப்பதுக்குக் கீழ இருக்கணும். இப்ப சரியா இருக்குது."

"அறிவுக்கு எத்தினி இருந்துச்சு?"

"எண்ணல. அப்ப எனக்கு எண்ணத் தெரியாது."

"எனக்குந் தெரியாது" என்றாள் தீர்த்தம்மாள். "மூணு நாளு எம்மடியிலதான் படுத்திருந்தான். ரம்பம் மாதிரிதான் இழுத்துச்சு. நான் ஒண்ணு ரெண்டுன்னுகூட எண்ணல. தாயி தாயின்னு கும்புட்டுக்கிட்டிருந்தேன்."

வீரமணி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையிலும் கோபம்தான் இருந்தது. ஆனால் அது அவன்மேல் இல்லை.

"போயி சோறு தின்னு. ரசம் ஆறிப்போவும்."

"அக்கா..."

"பேசாத. மறுபடி எண்ணிக்கிட்டிருக்கேன்."